வாசகர் கேள்வி–பதில்: பெட்டிக்குள் இருப்பது எப்போது துப்பாக்கி ஆகிறது?

அமெரிக்காவில் வீட்டில் செய்யப்படும் துப்பாக்கிகளுக்கும் துப்பாக்கி உதிரிபாகங்களுக்கும் அந்நாட்டு மத்திய அரசு 2021-ல் முன்மொழிந்த விதிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதை ஒட்டி எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், சில கடிதங்களைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே தருகிறோம்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துபவன். அமெரிக்காவில் ஒருவர் உரிமம் எதுவுமின்றித் தன் வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. அது உண்மையானால், புதிய விதி எதைத் தடுக்க வந்தது? — கோவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்மைதான். அங்கே அடிப்படையாக இருப்பது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1963-ல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பொய்ப் பெயரில் தபால் மூலம் 21 டாலர் 45 சென்டுக்கு வரவழைக்கப்பட்டது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம் துப்பாக்கித் தொழிலையும் வணிகத்தையும்தான் கட்டுக்குள் கொண்டுவந்தது. செய்து விற்பவர் உரிமம் பெற வேண்டும், செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும், வாங்கியவர் யார் என்பதற்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு துப்பாக்கியை வீட்டில் செய்துகொள்ளும் தனிமனிதரை அந்தச் சட்டம் தொடவில்லை. எந்திரத் துப்பாக்கி செய்யக் கூடாது, உலோகம் கண்டறியும் கருவியில் அகப்படாத துப்பாக்கி செய்யக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டவர் எதையுமே செய்யக் கூடாது என்பன போன்ற எல்லைகள் மட்டும் உண்டு.

அந்த விடுதலை அரை நூற்றாண்டுக் காலம் யாரையும் பெரிதாக உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். இரும்பைக் கடைந்து, துளையிட்டு, நூலிழை பிசகாமல் பொருத்தி ஓர் ஆயுதத்தை உருவாக்கக் கைத்தேர்ச்சி வேண்டும், எந்திரம் வேண்டும், பொறுமை வேண்டும். கோபத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பையனால் அதைச் செய்ய முடியாது. ஆனால் ஏறக்குறைய முடிந்த நிலையில் எல்லாப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு, வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவரா என்று பார்க்கும் பின்னணிச் சோதனை இல்லாமல், வரிசை எண் இல்லாமல், வீட்டு வாசலுக்கே அனுப்பும் வியாபாரம் பிறந்தபோது அந்தத் தடை விழுந்துவிட்டது. 2021 மே மாதம் முன்மொழியப்பட்ட விதி, எளிதில் முடிக்கத்தக்க அந்தப் பெட்டியையும் துப்பாக்கியாகவே கருதி, அதை விற்பவரைக் குறிவைத்தது. உங்களைப் போல உலோகத்துண்டில் தொடங்கி எல்லாவற்றையும் தன் கையால் செய்பவரின் உரிமையை அது எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாடு விவாதத்தின் இரைச்சலில் பெரும்பாலும் காணாமற்போனது வருத்தத்துக்குரியது.

கேள்வி: "80 சதவீதத் துப்பாக்கி" என்ற சொல்லை அமெரிக்கச் செய்திகளில் பார்க்கிறேன். எதில் 80 சதவீதம்? சட்டத்தில் அப்படி ஓர் அளவு இருக்கிறதா? — சென்னையிலிருந்து ஒரு சட்டக்கல்லூரி மாணவி

பதில்: சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அது சந்தை கண்டுபிடித்த சொல். ஆனால் அந்தச் சொல் எப்படி முளைத்தது என்று பார்த்தால் முழு வழக்கும் விளங்கிவிடும்.

1968-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி என்பதற்கு இரண்டு முக்கியமான வரையறைகளைத் தருகிறது. வெடிமருந்தின் விசையால் குண்டைச் செலுத்துவது, செலுத்தும்படி வடிவமைக்கப்பட்டது, அல்லது அப்படி எளிதில் மாற்றத்தக்கது எதுவாயினும் அது துப்பாக்கி. அத்தகைய ஆயுதத்தின் சட்டகம் அல்லது ரிசீவரும் துப்பாக்கியே. அதாவது குழல், விசை, சுருள்வில், கைப்பிடி உறை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் அந்த ஒரு நடுப்பாகத்தை மட்டும் துப்பாக்கியாகவே கருதி, அதில்தான் எண்ணைப் பொறிக்க வேண்டும்.

அந்த நடுப்பாகம் எது என்பதை 1978-ல் ஒரு விதி சொன்னது. சுத்தியல் (விசையை அழுத்தியதும் அடிக்கும் பாகம்), போல்ட் (குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகம்), சுடும் பொறி ஆகியவற்றுக்கு உறையாக இருப்பதும், வழக்கமாக முன்பக்கம் குழலைப் பொருத்த மரை உள்ளதுமான பாகம் என்பது அதன் சாரம். பழைய துப்பாக்கிகளுக்கு அது பொருந்தியது. ஆனால் அமெரிக்காவில் மிகப் பரவலாகப் புழங்கும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் இந்த வேலை இரண்டு பாகங்களுக்குப் பிரிந்துவிடுகிறது. விசையும் சுத்தியலும் கீழ்ப்பாகத்தில் இருக்கின்றன, போல்ட்டும் குழலும் மேற்பாகத்தில் இருக்கின்றன. வரையறையை எழுத்துக்கு எழுத்து படித்தால் இரண்டில் எதுவுமே ரிசீவர் ஆகாது. கலிபோர்னியாவிலும் ஒஹையோவிலும் மத்திய விசாரணை நீதிபதிகள் அப்படியே கருதினார்கள், அரசு தொடுத்த சில வழக்குகள் கரைந்துபோயின. நாற்பது ஆண்டுகளாகத் திருத்தப்படாத ஒரு வரையறையின் ஓட்டை அது.

இரண்டாவது ஓட்டை, "எவ்வளவு முடிந்தால் முடிந்தது?" என்பது. சட்டகம் இன்னும் முழுமையாகவில்லை, இன்னும் சில துளைகள் பாக்கி, எனவே இது வெறும் பிளாஸ்டிக் துண்டு என்று விற்பனையாளர்கள் சொன்னார்கள். ஐந்தில் நான்கு பங்கு முடிந்தது என்ற பொருளில்தான் "80 சதவீதம்" என்ற பெயர் வந்தது. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் பணியகமும், தனியாகப் பார்க்கும்போது சில முடியாத சட்டகங்கள் துப்பாக்கி ஆகா என்று கடிதம் கொடுத்திருந்தது.

நெவாடாவில் இயங்கிய பாலிமர்80 நிறுவனம் விற்ற ஒரு தொகுப்பின் பெயரே "வாங்கு, செய், சுடு" என்பது. பெட்டியைத் திறந்தால் கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் சட்டகம் இருக்கும். பிடி, விசைக்கான வளையம், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறைக்கான பள்ளம் எல்லாம் உருவாகி, பார்த்த மாத்திரத்தில் இது இன்னது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் நிலையில் இருக்கும். நீக்கப்பட வேண்டிய சிறு பிளாஸ்டிக் புடைப்புகள் மட்டும் அதில் மிச்சம். அதே பெட்டிக்குள் குழலும், மேற்பாகமும், வில்களும், தோட்டா உறையும், துளையிடும் அலகும்கூட இருக்கும். சாதாரண ஆள் ஒருவர் வீட்டுக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடங்களில் இதைச் சுடத்தக்க துப்பாக்கியாக ஆக்கிவிட்டார் என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. அந்த 21 நிமிடங்களுக்கு முன்னால் அது ஒன்றுமில்லாத பொருள், பின்னால் அது கொலைக்கருவி என்று சொல்லும் சட்டம் தன் நோக்கத்தையே மறந்த சட்டம் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: வரிசை எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டால் போயிற்று. குற்றவாளிக்கு அது ஒரு பொருட்டா? எண்ணுக்காக இவ்வளவு பெரிய சண்டையா? — நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அழிக்கிறார்கள் என்பது மெய். ஆனால் அழிப்பதே தனிக் குற்றம். தேய்த்த இடத்தில் அமிலம் தடவி எண்ணை மீட்கும் முறையும் தடயவியலில் உண்டு. முதலிலேயே எண் இல்லாத துப்பாக்கியில் மீட்பதற்கு எதுவும் இல்லை.

எண்ணைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஏடிஎஃப்-இன் தடமறியும் மையம் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தாலும் அதன் எண் இங்கே வருகிறது. கணினியில் எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வந்து நிற்கும் என்று நாம் நினைப்போம். அப்படி ஒரு பட்டியல் வைத்திருப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே ஊழியர்கள் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கிறார்கள். அவர் இன்ன மொத்த வணிகருக்கு அனுப்பினேன் என்கிறார். மொத்த வணிகர் கடைக்காரரைக் காட்டுகிறார். கடைக்காரர் தம் கோப்பைப் புரட்டி, வாங்கியவர் தம் கையால் நிரப்பிய 4473 என்ற படிவத்தை எடுக்கிறார். கடை மூடிவிட்டிருந்தால் அதன் காகிதங்கள் எல்லாம் மார்ட்டின்ஸ்பர்க்கில்தான் இருக்கும். சரக்குப் பெட்டகங்களில் அடுக்கி வைக்கும் அளவுக்கு அங்கே காகிதம் குவிந்திருக்கிறது. கையால் எழுதிய பக்கங்களில் ஒரு வரியைத் தேடும் வேலை அது. அந்த வரிக்குப் போகும் ஒரே பாதை, இரும்பில் பொறித்த எண்.

2016 தொடக்கம் முதல் 2020 முடிவு வரை, வீட்டில் செய்யப்பட்டவை என்று சந்தேகிக்கப்படும் 23,906 துப்பாக்கிகள் குற்றம் நடந்திருக்கக்கூடிய இடங்களில் கிடைத்ததாக ஏடிஎஃப் தன் முன்மொழிவில் கூறியது. அவற்றில் 325 கொலை அல்லது கொலை முயற்சியோடு தொடர்புடையவை. வேகம்தான் இன்னும் கவலை தந்தது. 2017-ல் சுமார் 1,600 என்றிருந்த எண்ணிக்கை 2021-ல் 19,000-ஐத் தாண்டியது. இவற்றில் வாங்கியவர் வரை தடம் பிடிக்க முடிந்தவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

எண்ணைவிட முக்கியமானது, எண்ணோடு கூட வரும் பின்னணிச் சோதனை. 2013 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஐந்து பேரைக் கொன்ற இளைஞர், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் முறைப்படி துப்பாக்கி வாங்க முயன்று தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அவர் கையிலிருந்தது உதிரிபாகங்களிலிருந்து கூட்டப்பட்ட துப்பாக்கி. 2019 நவம்பர் 14 அன்று சாண்டா கிளாரிட்டாவின் சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வயது மாணவன் ஒருவன் இரண்டு மாணவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் வைத்திருந்ததும் தொகுப்பிலிருந்து செய்த, எண் இல்லாத கைத்துப்பாக்கி. அன்று வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்த மாணவி ஒருவர், 2022 ஏப்ரலில் இறுதி விதியை அறிவித்த நாளில் வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நின்று பேசினார். எண்ணுக்காகவா இவ்வளவு சண்டை என்று கேட்டீர்கள். சண்டை அந்தப் பள்ளி முற்றத்துக்காக.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன், பொறியாளர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவன். குற்றத்தை நானும் வெறுக்கிறேன். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் எழுதிய சட்டத்தின் பொருளை, யாரும் தேர்ந்தெடுக்காத அதிகாரிகள் பேனாவை எடுத்து மாற்றுவது சரியா? இன்று தொகுப்பு, நாளை என் பட்டறையிலுள்ள அலுமினியக் கட்டியா? — டாலஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தத் தொகுதியில் மிக வலுவான கடிதம் தங்களுடையது. முன்மொழிவை எதிர்த்தவர்கள் எல்லாரையும் ஆயுத வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

முதலில் ஒரு தெளிவு. இந்த விதியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தைப் பற்றியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி அதுவன்று. தாங்கள் கேட்ட கேள்விதான் அது. நாடாளுமன்றம் 1968-ல் எழுதிய சொற்களுக்குள் இந்த விதி அடங்குகிறதா, அல்லது பணியகம் தானே புதிதாகச் சட்டம் எழுதிவிட்டதா என்பதே அங்கே விசாரிக்கப்பட்டது.

தங்கள் ஐயத்துக்கு நியாயம் இருந்தது என்பதற்கு முன்மொழிவே சான்று. 2021 மே 21 அன்று அரசிதழில் வெளியான வரைவு, சுடும் பொறியின் ஏதேனும் ஓர் உறுப்பைத் தாங்கும் எந்தப் பாகத்தையும் ரிசீவர் ஆக்கிவிடும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருந்தது. அதன்படி ஒரே துப்பாக்கிக்கு இரண்டு மூன்று ரிசீவர்கள் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் எண் பொறிக்க வேண்டிவரலாம். ஆகஸ்ட் 19 வரை தரப்பட்ட 90 நாட்களில் 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. ஆதரித்தவர்களும் இருந்தார்கள், கடுமையாக எதிர்த்தவர்களும் இருந்தார்கள், துப்பாக்கியின் உள்ளமைப்பை வரிவரியாக விளக்கி "இந்த வாக்கியம் இந்த மாதிரிக்குப் பொருந்தாது" என்று எழுதிய தொழில் அறிந்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் சொன்னவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. 2022 ஏப்ரல் 26 அன்று வெளியான இறுதி விதியில் ஒரு துப்பாக்கிக்கு ஒரே பாகம் என்று திருத்தப்பட்டது. கைத்துப்பாக்கியில் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியைத் தாங்கும் பாகம் சட்டகம், நீளத் துப்பாக்கியில் போல்ட்டைத் தாங்கும் பாகம் ரிசீவர் என்று பிரித்தார்கள். ஏஆர்-15-க்கு, நெடுநாள் வழக்கப்படி கீழ்ப்பாகமே ரிசீவராகத் தொடரும் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். அரசு வரைவுக்கு மக்கள் எழுதும் கருத்துகளை யார் படிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

தங்கள் அலுமினியக் கட்டிக்கு வருகிறேன். முழுமையாகாத பொருள் எந்நிலையில் துப்பாக்கி ஆகும் என்பதற்கு விதி ஒரு விழுக்காட்டையும் தரவில்லை. "எளிதில்" என்ற சட்டச்சொல்லை எட்டு அளவுகோல்களால் விளக்குகிறது. முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு கடினம், என்ன தேர்ச்சி வேண்டும், என்ன கருவி வேண்டும், மீதிப் பாகங்கள் எளிதில் கிடைக்குமா, செலவு என்ன என்பன போன்றவை அவை. உருவம் பெறாத உலோகக் கட்டி இந்த அளவுகோல்களுக்குள் வராது என்று விதியே கூறுகிறது. எட்டு அளவுகோல்கள் என்பது எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு நிம்மதி தராது, எங்கே கோடு விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துல்லியமான ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்று விற்பார்கள் என்பதையும் அந்த 80 சதவீத வியாபாரம் நமக்குக் காட்டிவிட்டது.

நீதிமன்றங்களிலும் இந்த இழுபறி அப்படியே நடந்தது. 2023 ஜூன் 30 அன்று டெக்சாஸ் மத்திய மாவட்ட நீதிபதி ரீட் ஓ'கானர் விதியை நாடு முழுவதற்கும் ரத்து செய்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அந்த ரத்தை நிறுத்திவைத்தது. நவம்பரில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பணியகம் தன் அதிகாரத்தைத் தாண்டிவிட்டது என்று மீண்டும் கூறியது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்று விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச். அதிகாரிகள் சட்டத்தை இழுத்து நீட்டுவதைப் பல வழக்குகளில் கண்டித்தவர், சட்டத்தின் எழுத்தையே பிடித்துக்கொள்பவர் என்று பெயர் பெற்றவர். அவரே, ஐகியா கடையிலிருந்து பிரித்துக் கட்டிய பலகைகளைக் கொண்டுவந்தவர் "மேசை வாங்கினேன்" என்று சொல்வதைப் போல, செய்து முடிக்காத பொருளுக்கும் முடிந்த பொருளின் பெயர் வழக்கில் உண்டு என்று விளக்கினார். "வாங்கு, செய், சுடு" பெட்டியின் படத்தையும் தீர்ப்போடு இணைத்தார். எல்லாத் தொகுப்பும், எல்லா முடியாத சட்டகமும் தானாகவே துப்பாக்கி ஆகிவிடாது, எல்லையில் உள்ளவற்றைத் தனித்தனி வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். தங்களுடைய கட்டிக்கு அதுவே பாதுகாப்பு.

எதிர்த்து எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், நாடாளுமன்றம் "ரிசீவர்" என்று மட்டும் சொன்ன இடத்தில் "ரிசீவராக மாறக்கூடியது" என்பதைச் சேர்க்க யாருக்கும் அதிகாரமில்லை என்றார். ஆயுதம் என்ற சொல்லுக்கு "எளிதில் மாற்றத்தக்கது" என்று சேர்த்த சட்டம், ரிசீவர் என்ற சொல்லுக்கு அதைச் சேர்க்கவில்லை என்பது மெய்தான். அவருடைய வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நாடாளுமன்றமே ஒரு வரி திருத்தியிருந்தால் நாட்டுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. அந்தத் திருத்தம் வராத நிலையில், சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்புள்ளவர்கள் கண்ணெதிரே திறந்து கிடந்த வாசலை அடைத்தது முறையே என்பது என் முடிவு.

கேள்வி: நம் நாட்டில் இந்தக் குழப்பம் இல்லையா? — மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்த வகைக் குழப்பம் இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும், அதைச் செய்யும் எந்திரமும்கூட வரையறைக்குள் அடங்கிவிடுகின்றன. ஐந்தாவது பிரிவு, உரிமமின்றிச் செய்வதையே தடுக்கிறது. இங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசு தரும் அனுமதி, அங்கே அது உரிமை. தொடக்கமே வேறு என்பதால் ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டுவதில் பயனில்லை.

கேள்வி: முப்பரிமாண அச்சு எந்திரத்தில் துப்பாக்கியை அச்சிட்டுக்கொள்பவரை இந்த விதி என்ன செய்யும்? — சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரிதாக எதுவும் செய்யாது. முழுக்க அச்சிடப்பட்ட கைத்துப்பாக்கியின் வரைபடம் 2013-லேயே இணையத்தில் ஏறிவிட்டது. இந்த விதி விற்பனையைக் கட்டுப்படுத்துவது. எதையும் வாங்காமல் வீட்டில் அச்சிடுபவர், தடை செய்யப்பட்டவராக இல்லாத வரை, மத்திய விதியின் கைக்கு எட்டமாட்டார். கலிபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கின்றன. நியூஜெர்சி 2018-லேயே எண் இல்லாத பாகங்களை வாங்குவதைத் தடுத்துவிட்டது. மனவுறுதியோடு இருக்கும் ஒருவரை எந்த விதியும் முற்றாக நிறுத்திவிடாது என்பதற்கு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் மிகக் கடுமையான ஜப்பானில், 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கையால் செய்யப்பட்ட துப்பாக்கிக்குப் பலியானதே சான்று. ஆனால் அங்கே அது ஒரு தனிச் சம்பவம், அமெரிக்காவில் அது பல்லாயிரம் பெட்டிகளாக விற்ற வியாபாரம்.

கேள்வி: என் மகன் மாணவர் விசாவில் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். அறைத்தோழன், அந்நாட்டவன், பொழுதுபோக்குக்காக ஒரு துப்பாக்கித் தொகுப்பு வாங்கி வைத்திருக்கிறானாம். "இன்னும் சேர்க்கவில்லை அம்மா, வெறும் பிளாஸ்டிக்தான், வார இறுதியில் நானும் சேர்ந்து செய்யப்போகிறேன்" என்று விளையாட்டாகச் சொல்கிறான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் பயப்படுவது தேவையில்லாததா? — திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, தாங்கள் பயப்படுவது முற்றிலும் சரி. இன்று இரவே மகனிடம் பேசிவிடுங்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் அதில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தற்காலிக விசாவில் வந்திருப்பவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. எஃப்-1 மாணவர் விசாவும் அதில் அடங்கும், எச்-1பி வேலை விசாவும் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் தங்கள் மகன் சொல்லும் சூழ்நிலைக்கு அவை உதவுவதாகத் தெரியவில்லை. அறைத்தோழன் குடிமகனாக இருந்தால் அவன் தனக்காகச் செய்துகொள்வதை மத்திய சட்டம் தடுக்காமல் இருக்கலாம். அதே மேசையில் உட்கார்ந்து அதே பாகத்தைக் கையிலெடுக்கும் தங்கள் மகனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் குடியேற்றச் சட்டப்படி நாடுகடத்துவதற்கும் அது தனியே ஒரு காரணம் ஆகிவிடும்.

"வெறும் பிளாஸ்டிக்தான்" என்று அவன் சொல்வதுதான் என்னை அதிகமாகக் கவலைப்பட வைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த வாதத்தை ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்து வைத்திருக்க முடியும். இப்போது, எளிதில் முடிக்கத்தக்க தொகுப்பு பிரிக்காத பெட்டியில் இருக்கும்போதே சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. சேர்க்கும் வரை காத்திருந்து பிறகு விலகிக்கொள்ளலாம் என்ற இடைவெளி இல்லை.

அவன் அந்தப் பாகங்களைத் தொடக் கூடாது, வாங்குவதற்குப் பணமோ வங்கி அட்டையோ கொடுத்திருக்கக் கூடாது, பெட்டி தன் அலமாரியிலோ தன் பெயரிலுள்ள காரிலோ இருக்கக் கூடாது. தோழன் பெட்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோகச் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால் அறையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், அதனால் முன்பணம் போனாலும் போகட்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகமும், இலவசமாக ஆலோசனை சொல்லும் சட்ட உதவிப் பிரிவும் இருக்கும். இதற்குள் அவன் ஏதாவது வாங்கியோ செய்தோ இருந்தால், அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் தங்களுக்கு எழுத வேண்டாம், நேரே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.